குழாய்க்கிணற்றுக் காவிச் சேற்றையும் கவனிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கங்களின் நீரைச் சுத்திகரிக்கும்போது சேரும் கசடு குறித்துத் தங்கள் ஞாயிறு இதழில் வெளியான கட்டுரையை வாசித்தேன். அந்நீரில் காற்றுப் படச் செய்து, கரைந்துள்ள இரும்பைத் தொட்டிகளில் படியவிட்டு எடுக்கும் காவிச் சேற்றிலிருந்து அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஓவியர்களுக்கான எண்ணெய் வர்ணமே செய்திருக்கிறார்கள் என்னும்போது, வன்னியில் சுரங்கம் ஏது என்று பக்கத்தைப் புரட்டிவிட மனம் வரவில்லை. இரும்புச்சத்து மிகுந்த குழாய்க்கிணறுகள் உள்ள எமது கிராமங்களிலும் நடப்பது ஏறக்குறைய அதே இரசாயன மாற்றம்தான்.

எங்கள் ஊர்க் குடிநீர்த் திட்டத்தின் வடிகட்டியைக் கழுவும்போதெல்லாம் வெளியேறும் செங்காவிச் சேறு பக்கத்து வாய்க்காலிலேயே விடப்படுகிறது. அது காய்ந்தால் மஞ்சள்தூள் போல விரலில் ஒட்டும், வெள்ளைச் சீருடையில் பட்டால் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. இத்தகைய இரும்புச் சேறு, பசளைகளிலுள்ள பொஸ்பேற்று என்னும் சத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. பசளை கரைந்து வரும் வயல் வடிகால் நீர் குளங்களைச் சேருமுன் அதிலுள்ள பொஸ்பேற்றை ஓரளவேனும் தடுக்க இச்சேறு உதவக்கூடும். ஆனால் நீரில் இருக்கக்கூடிய நச்சுப்பொருளான ஆசனிக்கையும் அது சேர்த்தே பற்றும் என்பதால், ஆராயாமல் தோட்டத்தில் கொட்டுவது தகாது. ஆகவே, பிரதேச சபைகள் இச்சேற்றை வாய்க்காலில் விடாது உலர்த்தும் பாத்திகளில் சேகரிக்கவும், கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியல், விவசாய பீடங்கள் அதன் மாதிரிகளைப் பரிசோதித்துத் தகுந்த பயன்பாட்டைப் பரிந்துரைக்கவும் முன்வர வேண்டும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
புதுக்குடியிருப்பு.