கரும்பு வயலில் நிற்கும் சென்சூரியன்

பழைய வண்ணாரப்பேட்டை,
சென்னை.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்து மறுபடியும் செய்தித்தாள் படிக்கத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்து மிகவும் நிம்மதி அடைந்தேன். இங்கே அனைவரும் நலம். பேரன் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய மேசையின் மறுபாதியில்தான் நானும் இரவு பத்து மணி வரை உட்கார்ந்திருக்கிறேன்.

"டாங்கி பொம்மை செய்கிறாயாமே, அதில் அப்படி என்ன இருக்கிறது?" என்று கேட்டிருந்தாய். ஆவடியில் விஜயந்தா டாங்கியின் உடற்பகுதிக்கு வெல்டிங் வைத்தவன் நீ என்பதால், வேறு யாருக்கும் சொல்லாத அளவுக்கு விவரமாகவே உனக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் செய்வது சென்சூரியன், 1/35 அளவில். இரண்டாம் உலகப் போரின் முடிவில் பிரிட்டனில் உருவான டாங்கி இது. 1945 மே மாதத்தில் இதன் முதல் ஆறு வண்டிகள் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே போரே முடிந்திருந்தது. பிறகு கொரியாவில் சண்டையிட்டது, 1965-இல் நம் படையிடமும் இருந்தது. ஸ்பிட்ஃபயர் விமானத்தைப் பறக்க வைத்த மெர்லின் இயந்திரத்திலிருந்து பிறந்த மீட்டியார் இயந்திரம்தான் இதையும் ஓட்டியது. ஏறத்தாழ 51 டன் எடையும் 3.39 மீட்டர் அகலமும் கொண்ட அந்த வண்டி, என் மேசையில் பத்து சென்டிமீட்டருக்கும் குறைவான அகலத்தில் நிற்கிறது.

ஏன் இந்த வண்டி என்றால், உனக்கும் நினைவிருக்கும்: 1965 செப்டம்பரில், பாகிஸ்தானுடன் போர் நடந்தபோது, தெருமுனைத் தேநீர்க் கடை வானொலியில் கேம்கரன் என்ற பஞ்சாப் ஊரின் பெயரைக் கேட்டுக்கொண்டு நாம் இருவரும் பள்ளிக்குப் போகாமல் நின்றிருந்தோம். அதன் அருகில் இருக்கும் அசல் உத்தர் என்ற கிராமத்தில் செப்டம்பர் 8 முதல் 10 வரை நடந்த சண்டையைப் பற்றிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் விரிவாகப் படித்தேன். நம் படையினர் லாட வடிவில் தற்காப்பு அமைத்து, வயல்களில் நீரைப் பாய்ச்சிவிட்டு, விளைந்து நின்ற கரும்புக்குள் டாங்கிகளை மறைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். சென்சூரியனைவிடப் புதியவையான பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் அந்தச் சேற்றில் சிக்கிக்கொண்டன. ஜீப்பில் பொருத்திய பின்னுதைப்பில்லாப் பீரங்கியை வைத்துக்கொண்டு டாங்கிகளை எதிர்த்து நின்று உயிர்விட்ட ஹவில்தார் அப்துல் ஹமீத் பரம்வீர் சக்ரா பெற்றதும் இந்தச் சண்டையில்தான். அந்தக் கரும்பு வயலில் காத்துக்கொண்டிருக்கும் ஒரு வண்டியைச் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பிளாஸ்டிக் பாகங்களை, அவை கோத்து வரும் சட்டத்திலிருந்து வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சேர்க்கும் வேலை மூன்று வாரத்தில் முடிந்தது. இதற்கான திரவப் பசை பிளாஸ்டிக்கின் இரு விளிம்புகளையும் சற்றே உருக்கி ஒன்றாக்கிவிடுகிறது. ஆகவே இதை ஒட்டுதல் என்பதைவிட உன் தொழிலின் பெயரால் அழைப்பதே பொருத்தம். உன்னை அதிகமாக நினைத்துக்கொண்டதும் அந்த நாட்களில்தான். உடற்பகுதியின் தகடுகள் சேரும் இடங்களில் வெல்டிங் வரிகள் மழுங்கிப்போய் இருந்தன. பாகங்களை வெட்டி எடுத்தபின் மிஞ்சும் சட்டத்துண்டை மெழுகுவத்திச் சுடரின் மேல் காட்டி, இளகியதும் மெதுவாக இழுத்தால் தலைமுடி போன்ற நூல் வரும். அதை இணைப்பின் மேல் படுக்க வைத்து, பசையைத் தொட்டு மென்மையாக்கி, கத்தியின் நுனியால் சீரான இடைவெளியில் அழுத்திக்கொண்டே போனால் உன் கைவரிசை அப்படியே அங்கே வந்துவிடுகிறது. சுழல்கோபுரத்தின் சுவர்கள் வார்ப்பிரும்பின் தோற்றம் கொண்ட வார்ப்பு எஃகு என்பதால், அங்கே பட்டியைப் பசையில் கரைத்து, தேய்ந்த தூரிகையால் குத்திக் குத்தி, வார்ப்பின் சொரசொரப்பைக் கொண்டுவந்தேன். மேல்தட்டு மட்டும் வெல்டிங் வைத்த தகடு. ஆகவே அது வழவழப்பாகவே இருக்கிறது. ஒரே கோபுரத்தில் இந்த இரண்டு தோலும் அருகருகே தெரியும்போதுதான் அது இரும்பு என்ற நம்பிக்கை கண்ணுக்கு வருகிறது.

இனி வண்ணத்துக்கு வருகிறேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரம்பூரில் ரயில் பெட்டிகளுக்கு வண்ணம் அடித்தவன் என்பதால் இது எனக்கு எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அங்கே பழகிய கை இங்கே பல நாட்கள் தவறிக்கொண்டே இருந்தது. பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் ஏற்றி, மேடுபள்ளம் எதுவும் தெரியாதபடி மறைப்பதுதான் அங்கே திறமை. இங்கேயோ முப்பது மைக்ரான் தடிமனுள்ள ஒரு பூச்சு, முப்பத்தைந்தால் பெருக்கினால், உண்மையான வண்டியில் ஒரு மில்லிமீட்டர் தடிமன் ஆகிவிடும். நான் இழுத்து வைத்த வெல்டிங் வரிகள் முதல் முறை அப்படித்தான் மூழ்கிப்போயின. எல்லாவற்றையும் கரைத்தெடுத்துவிட்டு, ஏர்பிரஷ்ஷில் வண்ணத்தைப் பால் போல நீர்க்கச் செய்து, ஐந்தாறு மெல்லிய பூச்சாக ஏற்றினேன். பச்சையையும் டப்பாவில் உள்ளபடியே அடிக்கக் கூடாது. தூரத்தில் நிற்கும் வண்டியின் நிறம் நம் கண்ணுக்கு வெளிறித் தெரிவதுபோல, சிறிய உருவத்துக்கும் நிறத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். அதற்கு வெள்ளை சேர்த்தால் பால் கலந்ததுபோல் ஆகிறது. இளமஞ்சள் கலந்த மண் நிறம் சேர்த்தால்தான் பச்சை பச்சையாகவே இருந்து வெயிலில் காய்ந்ததுபோல் தெரிகிறது.

அதன்மேல் பளபளப்பான வார்னிஷ் ஏற்றி, தங்கசாலைத் தெருவில் வாங்கிய எண்ணெய் வண்ணத்தில் பழுப்பை எடுத்து, அதன் எண்ணெயை ஒரு அட்டைத் துண்டு உறிஞ்சும்படி சற்று நேரம் விட்டு, பிறகு டர்பன்டைனில் கரைத்து ஒவ்வொரு இடுக்கிலும் ஓடவிட்டேன். திருகின் தலையைச் சுற்றி அந்தப் பழுப்பு தானாகவே வட்டமாக ஓடி நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அடுத்து, மங்கல் வார்னிஷை ஐப்பசி மழை நாளில் அவசரப்பட்டு அடித்துவிட்டேன். கடல் காற்றின் ஈரம் பூச்சில் புகுந்து கோபுரம் முழுவதும் பனி படர்ந்ததுபோல் வெளுத்துவிட்டது. நான்கு நாள் வெயிலுக்காகக் காத்திருந்து, மறுபடியும் பளபளப்புப் பூச்சை மெல்லியதாகக் கொடுத்த பிறகே பச்சை திரும்பி வந்தது.

பெரும்பாலானவர்கள் செய்யும் மாதிரிகளில் எனக்குக் குறையாகத் தெரிவது ஒன்று உண்டு. வண்டி முழுவதும் துரு வழிகிறது, எங்கு பார்த்தாலும் வண்ணம் உரிந்திருக்கிறது. மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் உரிசல் என்றால் உண்மையில் அது மூன்றரை சென்டிமீட்டர். அவ்வளவு பெரிய காயம் ஏற்பட ஏதாவது ஒன்று அங்கே மோதியிருக்க வேண்டும். துரு எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காகவே இரண்டு ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்குப் போய், கரையேற்றிய படகுகளின் நங்கூரச் சங்கிலியையும் இரும்புப் பட்டைகளையும் பார்த்துவிட்டு வந்தேன். உப்பு நீரில் கிடக்கும் அந்தச் செதில் செதிலான துரு, படையினர் அன்றாடம் பராமரித்த வண்டியில் இருக்க வழியில்லை. இருக்கக்கூடிய இடம், பின்புறம் இரு பக்கமும் சக்கரக் காப்பின் மேல் இருக்கும் புகைப்போக்கிப் பெட்டிகள். சூடேறிச் சூடாறி அங்கே வண்ணம் தங்காது. சங்கிலிப் பட்டையோ சில நாளில் பழுப்பேறும், ஆனால் தரையில் உராயும் முகம் மட்டும் வெள்ளிபோல் மின்னும். ஓட்டுநர் ஏறி இறங்கும் வலப்பக்க முன்பகுதியில் பூட்ஸ் பட்டு வண்ணம் தேய்ந்திருக்கும். இந்த மூன்று இடங்களோடு நான் நிறுத்திக்கொண்டேன்.

சேறு வேறு கதை. பஞ்சாபின் மண் நம் செங்கல்பட்டுச் செம்மண் இல்லை, சாம்பல் கலந்த வண்டல். அதற்கு நெருக்கமான நிறம் எண்ணூர்க் கழிமுகத்தில் இருப்பதைப் பார்த்து ஒரு டப்பா நிறைய அள்ளி வந்து, காயவைத்து, வேட்டித் துணியில் சலித்து, பசையில் குழைத்துச் சக்கரங்களில் அப்பினேன். நிறம் அவ்வளவு அழகாக அமைந்தது. பத்தாம் நாள் காலையில் பார்த்தால் சேறு முழுவதும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, மீதி மண்ணை ஆறு தண்ணீர் மாற்றிக் கழுவி, தெளியவைத்து, மறுபடியும் காயவைத்து அப்பியிருக்கிறேன். ஒரு மாதமாக ஒரு புள்ளியும் பூக்கவில்லை.

இப்போது கரும்பு வேலை நடக்கிறது. மூன்று மீட்டர் கரும்பு இங்கே எட்டரை சென்டிமீட்டர். தாளைப் பச்சை பூசி ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் நறுக்கி, நடுநரம்புக்காக நீளவாக்கில் மடித்து, ஒவ்வொரு தண்டுக்கும் எட்டு இலை வீதம் ஒட்டுகிறேன். இருநூறு தண்டு தேவை, எழுபது முடிந்திருக்கிறது. பேரன் படிப்புக்கு இடையே பத்துப் பத்தாக நறுக்கித் தருகிறான்.

உன்னிடம் எனக்கு ஒரு யோசனை வேண்டும். வண்டிக்குள் நான்கு பேர். வண்டித் தலைவர் ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவான உயரத்தில், வண்ணம் பூசி முடித்து, ஒரு தக்கையின் மேல் தயாராக நிற்கிறார். அவரை மூடி திறந்து தலையை வெளியே நீட்டியபடி வைப்பதா, மூடியைச் சாத்திவிட்டு யாருமே தெரியாதபடி வைப்பதா என்று பத்து நாட்களாக முடிவெடுக்க முடியவில்லை. எதிரி வரும் திசையைப் பார்க்க வேண்டுமானால் அவர் தலை வெளியே இருந்தாக வேண்டும். ஆனால் சாத்திய மூடிக்குக் கீழே, அந்தச் செப்டம்பர் வெக்கையில், பேச்சில்லாமல் உட்கார்ந்திருக்கும் நால்வரை நினைக்கும்போது மனம் அந்தப் பக்கம் சாய்கிறது. இரும்புக்குள் இறங்கி வேலை பார்த்த உனக்கு உள்ளே இருக்கும் காற்றும் ஓசையும் தெரியும். மூடியை இன்னும் ஒட்டாமல் வைத்திருக்கிறேன். உன் பதில் வந்த பிறகே ஒட்டுவேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்