பேயின் வேகத்தில் கை வைக்காதே

அன்புள்ள முரளி,

இத்தனை நாள் பதில் போடாததற்குத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் நலம். பாலாவுக்குப் பையன் பிறந்திருக்கிறான். அப்படியே கேப்டன் மூக்கு, பாவம்.

ஒரு ஆள் பேயாகத் துரத்த, நாலு பேர் திருடர்களாகப் பெட்டி வேலையை முடிக்கும் உன் கேமுக்கு வருகிறேன். பேய் தோற்றுக்கொண்டே இருக்கிறது, வேகத்தைக் கூட்டப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கூட்டாதே. டெட் பை டேலைட் கேமைப் பார், அதிலும் ஒரு கில்லர் நாலு சர்வைவரைத் துரத்துகிறான். சர்வைவர் வேகம் நொடிக்கு 4 மீட்டர், பெரும்பாலான கில்லர்களுக்கு 4.6. இருபது மீட்டர் முன்னால் ஓடுபவனை நேர்க்கோட்டில் பிடிக்க 33 நொடி. 4.8 ஆக்கினால் 25. எட்டு நொடிதானே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு ஜன்னலும் சுவரும் அந்த 0.6 வித்தியாசத்தை வைத்துத்தான் அளந்து போடப்பட்டிருக்கும். வேகத்தை மாற்றினால் மேப் முழுக்க லூப், அதாவது சுற்றிச் சுற்றி ஓடிப் போக்குக் காட்டும் இடங்கள், செத்துப்போகும். நீ சுற்றவிட்டிருக்கும் அந்தச் சாப்பாட்டு மேசையும் அப்படித்தான்.

நீ தொடவேண்டியது வேலையின் அளவை. அங்கே தப்பிக்க சர்வைவர்கள் ஏழு ஜெனரேட்டரில் ஐந்தைச் சரிசெய்ய வேண்டும், ஒன்றுக்கு 90 நொடி, மொத்தம் 450. ஒருவனைக் கில்லர் துரத்த, மற்ற மூவரும் தனித்தனியாக, வேலையைச் சமமாகப் பங்கிட்டுச் செய்தால் நடக்கிற நேரம் போக 150 நொடியில் முடிந்துவிடும். 2022 ஜூலை வரை ஒன்றுக்கு 80 நொடிதான், அப்போது 133. இவ்வளவு குறைந்த நேரத்தில் கில்லர் எப்படிப் பிழைக்கிறான்? பிடிபட்டவனைக் கொக்கியில் மாட்டிவிடுகிறான். ஒருவன் கொக்கியில், ஒருவன் அவனை இறக்கிக் காப்பாற்றப் போகிறான், ஒருவன் ஓடுகிறான். வேலை செய்ய மிஞ்சுவது ஒரே ஆள். கொல்லாமலே மூன்றில் இரண்டு பங்கு வேலை நின்றுவிடுகிறது.

இதையே திருப்பிப் பார். ஒருவன் செத்துவிட்டால், துரத்தல் நேரத்தில் வேலைக்கு நிரந்தரமாக இரண்டே பேர். 150 நொடி 225 ஆகிறது. அது மூன்றாவது நிமிடத்திலேயே நடந்தால் மிச்ச ஆட்டம் வெறும் சம்பிரதாயம். கொக்கியிலிருந்து இறக்கப்பட்டவனையே கில்லர் மறுபடி குறிவைத்து டனல் செய்வதும் இதனால்தான். கணக்கு அவனுக்கு லாபம். அந்த 2022 ஜூலை அப்டேட்டில் இறக்கப்பட்ட எல்லோருக்கும் சில நொடிப் பாதுகாப்பு கொடுத்தார்கள். உன் கேமில் திருடன் இரண்டாம் முறை பிடிபட்டாலே அவுட். மூன்றாக்கு, அறையில் அடைபட்டவனைத் திறந்துவிட ஒரு ஆள் போயே தீரவேண்டும் என்று வை.

"பேய் பாதி ஆட்டம் ஜெயிக்க வேண்டும்" என்கிறாயே, சராசரியை நம்பாதே. டெட் பை டேலைட்டை உருவாக்கிய பிஹேவியர் நிறுவனம் 60% கொலை விகிதத்தைக் குறிவைப்பதாகச் சொல்லியிருக்கிறது. பத்து ஆட்டத்தில் ஆறில் நாலு பேரும் செத்து, நாலில் யாருமே சாகாவிட்டாலும் அதே 60% வரும். அதில் ஒரு ஆட்டம்கூட நல்ல ஆட்டம் கிடையாது. முதல் ஆள் எத்தனையாவது நொடியில் அவுட், அப்போது எத்தனை பெட்டி பாக்கி, இரண்டையும் லாகில் எழுது.

இன்னொரு தொல்லை இழுவை. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மூன்று ஜெனரேட்டரை மட்டும் காவல் காத்துக் கில்லர் ஆட்டத்தை நீட்டிக்கொண்டே போனான். 2024 தொடக்கத்தில், கில்லர் ஒரு ஜெனரேட்டரை எட்டு முறைக்கு மேல் சேதப்படுத்த முடியாது என்று பூட்டுப் போட்டார்கள். உனக்கும் பெட்டி ஏழு. மூன்று மூன்றாக எடுத்தால் 35 சேர்க்கை. எல்லாவற்றின் இடைவெளியையும் அளந்து பார். வராண்டாப் பக்கம் இருக்கும் மூன்றும் நிச்சயம் மாட்டும்.

வேலையை விடப்போகிறாய் என்று சுரேஷ் சொன்னான். அதைக் கேட்டுத்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். இந்த வகை கேமுக்கு ஒரே நேரத்தில் ஐந்து பேர் வேண்டும். நாலு பேர் காத்திருக்க, பேயாக ஆட ஆள் இல்லை என்றால் லாபியிலேயே கலைந்துவிடுவார்கள். பேய்க்கு பாட், அதாவது தானாக ஆடும் புரோகிராம், எழுதி ஓடவிடு, அதற்கப்புறம் ராஜினாமாவைப் பற்றிப் பேசலாம். ஜானகியிடம் இன்னும் சொல்லவில்லையாமே? முதலில் அவளிடம் சொல்லுடா.

லாக் ஃபைலை அனுப்பு. அந்தக் கதவுச் சத்தத்தையும் மாற்று, ஹாஸ்டல் பாத்ரூம் ஞாபகம் வருகிறது.

அன்புடன்,
கணேசன்