குமாமோட்டோ கோட்டையில் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அம்மாவைச் சக்கர நாற்காலியில் அழைத்துக்கொண்டு ஜப்பானின் குமாமோட்டோ கோட்டையைப் பார்த்துவிட்டு வந்தோம். அங்கே உதவிய பலருக்கு ஒரு 'அரிகத்தோ' மட்டும்தான் சொல்ல முடிந்தது, அது போதவே போதாது.

முதல் நன்றி ஃபுகுவோகாவில் இருக்கும் நண்பனுக்கும் அவன் மனைவிக்கும். 2016 நிலநடுக்கத்தில் இடிந்த கோட்டை, இன்னும் வேலை நடக்கிறது, அம்மாவை வைத்துக்கொண்டு எப்படிப் போவது என்று நான் தயங்கினேன். ஆனால் இடிபாடுகளுக்கு மேலேயே ஒரு உயர்நடைபாதை போட்டிருக்கிறார்கள், அதில் சக்கர நாற்காலி தாராளமாகப் போகும் என்று விசாரித்துச் சொன்னதோடு, லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார்கள்.

அப்புறம் அந்த வழிகாட்டிப் பெரியவர். ஓரம் தேய்ந்த பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஒரு புகைப்படத்தை அம்மாவின் மடியில் வைத்து, குனிந்து நின்று, விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். ஏப்ரல் 14 அன்று ஒரு அதிர்வு, 16 அன்று 7.3 அளவில் இன்னொன்று. ஈடாமாரு காவல்மாடத்துக்குக் கீழே சுவர் சரிந்துவிட, மூலைக் கற்கள் மட்டும் ஒற்றைத் தூணாக நின்று அந்த மாடத்தைத் தாங்கியிருக்கின்றன. அம்மா அந்தப் படத்தை வெகுநேரம் கொடுக்கவே இல்லை, அவரும் கேட்கவில்லை.

கல்வேலை செய்பவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. புதுக் கல்லை வைத்துக் கட்டினால் வேலை சட்டென்று முடிந்துவிடும். இவர்களோ விழுந்த ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டு, பழைய படங்களோடு ஒப்பிட்டு, எது எங்கே இருந்ததோ அங்கேயே திரும்ப வைக்கிறார்கள். அடுக்க வேண்டியவை ஏறக்குறைய ஒரு லட்சம் கற்கள், முழுதாக முடிய 2052 ஆகுமாம். இன்று அங்கே உளி பிடிப்பவர்களில் எத்தனையோ பேர் அதற்குள் ஓய்வு பெற்றிருப்பார்கள்.

அந்தக் காலத்துப் பிரபு கத்தோ கியோமாசா கட்டிய பிரதான கோபுரம் 1877இல் எரிந்துபோனது, இப்போதிருப்பது 1960இல் எழுப்பிய கான்கிரீட் கட்டடம், பழுது பார்த்து 2021இல் மறுபடி திறந்தார்கள். அசல் இல்லையே என்று குறைப்படுபவர்கள் உண்டு. எனக்கு அந்தக் குறை இல்லை, உள்ளே லிஃப்ட் வைத்திருப்பதால்தானே அம்மாவால் மேல்தளம் வரை வந்து ஊரைப் பார்க்க முடிந்தது! லிஃப்ட் வாசலில் கூட்டத்தை ஒதுக்கி எங்களுக்கு வழிவிட்ட பணியாளருக்கும் நன்றி.

இந்தப் பணிக்காக 10,000 யென்னும் அதற்கு மேலும் நன்கொடை கொடுத்து, 'கோட்டைத் தலைவர்' என்று சான்றிதழ் வாங்கிய முகம் தெரியாத அத்தனை பேருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்து அம்மா பெயரில் நாங்களும் நன்கொடை கொடுக்கப்போகிறோம்.