நீர் மாத்திரையும் பழைய சீட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்லீரல் சுருக்கம் பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் எப்போது வந்தாலும் குடியை விடுங்கள் என்பதோடு முடிந்துவிடுகிறது. சரி, விட்டாச்சு. அப்புறம் கையில் கொடுக்கிற மாத்திரைகள் உடம்பை என்ன செய்யும் என்று யார் சொல்வது?

தாராவியில் நான் பார்ப்பதைத்தான் எழுதுகிறேன். வயிற்றில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்கு ஸ்பைரனோலாக்டோன், கூடவே ஃபுரோசமைடு என்று, நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரைகளை எழுதித் தருகிறார்கள். வயிறு வடிந்ததும் பலர் அந்தப் பக்கமே போவதில்லை, பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் மாதாமாதம் வாங்கிக்கொள்கிறார்கள். ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எல்லாம் பார்க்காமல் தொடர்ந்து விழுங்கக்கூடிய மாத்திரையா இது? ஸ்பைரனோலாக்டோன் பொட்டாசியத்தை வெளியேற விடாது. அதற்கு மேல் குளிர்ச்சி என்று தினமும் இளநீரும், உப்பைக் குறைக்கிறேன் என்று பொட்டாசியம் கலந்த குறைசோடிய உப்பும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகி உயிருக்கு ஆபத்தாகலாம். ஆண்களுக்கு மார்பு வீங்கும், சட்டை உரசினாலே வலிக்கும். எங்கள் சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) ஒரு அண்ணாச்சி இதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு மாத்திரையை நிறுத்திவிட்டார், வயிறு மறுபடி பானையாகிவிட்டது. இதற்கு மாற்று மாத்திரை இருக்கிறது, டாக்டரிடம் வாயைத் திறந்து கேட்டால் போதும்.

உடம்பின் கழிவை மலத்தோடு வெளியேற்றக் கொடுக்கும் லாக்டுலோஸ் சிரப் கதை வேறு. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போக வேண்டும், அதற்கேற்ற அளவில்தான் குடிக்க வேண்டும். அதிகமாகக் குடித்துப் பேதியானால் உடம்பில் நீர் வற்றி சிறுநீரகம் அடிவாங்கும். இங்கே நடப்பதோ பெரும்பாலும் தலைகீழ்: பொதுக் கழிப்பறையில் காலையில் வரிசை, வேலைக்கு வேறு போக வேண்டும், அதனால் சிரப்பையே விட்டுவிடுகிறார்கள். பிறகு ராத்திரி முழுக்க விழிப்பு, பகலெல்லாம் தூக்கம், பேச்சு குழறல். வீட்டில் இருப்பவர்கள் மறுபடி குடிக்க ஆரம்பித்துவிட்டான் என்று திட்டுகிறார்கள், பாவம், கல்லீரல் சுத்தம் செய்யாமல் விட்ட கழிவு மூளையைத் தாக்கியிருப்பது தெரியாமல்.

இடுப்பு வலி என்று தெரு முனை கிளினிக்கில் போட்டுக்கொள்ளும் டைக்ளோ (டைக்ளோஃபெனாக்) வலி ஊசியும் இவர்களுக்கு ஆகாது, சிறுநீரகம் செயலிழக்கலாம், ரத்தக்கசிவும் வரலாம்.

அடுத்த ரத்தப் பரிசோதனை எந்தத் தேதி, எந்த அறிகுறி வந்தால் உடனே ஓடி வர வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழிலோ இந்தியிலோ இரண்டு வரி எழுதித் தர ஆஸ்பத்திரிகளுக்கு என்ன கஷ்டம்? அதுவரை நீங்களாவது இதை ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள், எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், இங்கே பேப்பர் படிப்பவர்களில் பாதிப் பேருக்குக் கண் சரியாகத் தெரியாது.

ஒரு வாசகர்,
தாராவி, மும்பை