டகோட்டாவுக்கு 1/2000 வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

விமான சாகச நிகழ்ச்சிகளைப் படமெடுப்பது பற்றி நீங்கள் வெளியிட்ட குறிப்பில், ‘ஷட்டர் வேகம் 1/2000 நொடிக்குக் கீழே போகக் கூடாது’ என்று இருந்தது. ரஃபேல், சுகோய் போன்ற ஜெட் விமானங்களுக்கு அது சரி. புரொப்பல்லரில் பறக்கும் பழைய டகோட்டா விமானத்துக்கும் அதையே வைத்தால் படம் செத்துவிடும். கூடவே அச்சிட்டிருந்த படத்தைப் பாருங்கள்: இரண்டு புரொப்பல்லரும் அசையாமல் நிற்க, எஞ்சின் அணைந்து கடலில் விழப்போவதுபோல் இருக்கிறது.

டகோட்டாவின் எஞ்சின் நிமிடத்துக்கு 2,100 சுற்று ஓடினால், இடையில் 16:9 கியர் இருப்பதால் புரொப்பல்லர் சுற்றுவது 1,200 அளவில்தான். அதாவது நொடிக்கு 20. 1/2000 நொடியில் பிளேடு நான்கு டிகிரிகூட நகராது. 1/125 வைத்தால் 58 டிகிரி. மூன்று பிளேடு என்பதால் சுழலும் மங்கலில் வட்டத்தில் பாதி நிரம்பிவிடும். முழு வட்டம்தான் வேண்டும் என்பவர்கள் 1/60 வரை இறங்க வேண்டும். ஹார்வர்ட் என்ற பழைய பயிற்சி விமானத்தில் கியர் கிடையாது, எஞ்சின் வேகம்தான் புரொப்பல்லர் வேகம். (பிளேடு நுனி ஒலியின் வேகத்தை எட்டுவதால்தான் அந்தக் காதைப் பிளக்கும் உறுமல்.) அதற்கு 1/250 வைத்தாலே பார்க்கும்படி இருக்கும்.

ஷட்டர் வேகத்தைக் குறைத்தால் கை ஆட்டம் படத்தில் தெரியும். கால்களை அகட்டி, விமானம் நமக்கு நேர் எதிரே கடக்கப்போகும் இடத்தை நோக்கிப் பாதங்களை வைத்து நின்று, இடுப்பிலிருந்து மட்டும் திரும்ப வேண்டும். ஷட்டரை அழுத்திய பிறகும் லென்ஸ் விமானத்தோடு போய்க்கொண்டே இருக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். லென்ஸில் பேனிங்குக்கென்று (இப்படி விமானத்தோடு திருப்பிக்கொண்டே எடுப்பதற்கு) தனி ஸ்டெபிலைசர் (ஆட்டம் குறைக்கும் வசதி) நிலை இருந்தால் அதற்கு மாற்றுங்கள். முதல் சுற்றில் 1/320 வைத்து நாலு படம் பத்திரப்படுத்திக்கொண்டு, அடுத்த சுற்றில் 1/125 முயலலாம். 400 மி.மீ. லென்ஸில் அந்த வேகத்தில் பெரும்பாலானவை கலங்கித்தான் வரும். தொடர்ச்சியாகச் சுட்டுப் பொறுக்கி எடுக்க வேண்டியதுதான்.

நண்பகல் வெயிலில் இன்னொரு சிக்கல். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 1/125 என்றால் அபர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை) எஃப்/14 வரை மூடிக்கொள்ளும். படத்தின் கூர்மை மழுங்கும், சென்சாரில் ஒட்டிய தூசியெல்லாம் வெற்று வானத்தில் கரும்புள்ளியாகத் தெரியும். ஒளியைக் கால் பங்காகக் குறைக்கும் என்டி4 ஃபில்டர் ஒன்றை மாட்டினால் எஃப்/7 அளவுக்குத் திறக்கலாம்.

2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் டகோட்டாவும் ஹார்வர்டும் பறந்தது காலை 11 மணிக்குத் தொடங்கிய நிகழ்ச்சியில். அந்நேரம் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல். இறக்கையின் மேற்புறம் பளபளக்கும், நமக்குத் தெரியும் அடிப்புறம் இருண்டுவிடும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 முதல் +1 வரை ஏற்றாவிட்டால் கிடைப்பது வெறும் நிழலுரு. தொலைவில் தாழ்வாக வரும்போது, சூடான மணலுக்கு மேல் காற்று நெளிவதால் எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் தெளிவாகக் காட்டாது. கிட்டே வரும்வரை பொறுப்பதே நல்லது.

கைபேசியிலும் எலக்ட்ரானிக் ஷட்டரிலும் புரொப்பல்லர் அரிவாள்போல் வளைந்து விழும். சென்சார் வரிவரியாகப் படிப்பதால் வரும் கோளாறு அது. கேமராவில் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றினால் தீர்ந்தது.

விமானப்படையின் அந்த டகோட்டா தாங்கியிருக்கும் விபி905 என்ற எண், 1947 அக்டோபர் 27 அன்று படைவீரர்களோடு ஸ்ரீநகரில் இறங்கிய விமானத்தின் எண். படத்தை வெட்டும்போது அந்த எண்ணையும் சேர்த்து வெட்டிவிட வேண்டாம் என்று உங்கள் பக்க வடிவமைப்பாளரிடம் சொல்லுங்கள்.

— வாசகர், திருவல்லிக்கேணி