கோழிப்பண்ணையாளர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும். அதையாவது திறந்து பார்க்கவும்.

நிர்வாகக் குழு ஐந்து முறை கூடியது; அதில் இரண்டு முறை போதுமான ஆள் (கோரம்) இல்லாமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். சுதந்திர தினத்துக்குக் கொடி ஏற்றினோம். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி பற்றி ஒரு கூட்டம் நடந்தது. மறைந்த மூத்த உறுப்பினர் ஒருவருக்கு அஞ்சலி செலுத்தினோம். சங்கக் கட்டிடத்துக்கு வெள்ளையடித்தாயிற்று.

இனி புரோபயாடிக், அதாவது தீவனத்திலோ தண்ணீரிலோ கலக்கும் நல்ல பாக்டீரியாப் பொடி விஷயம். வெளியே பலவிதமாகப் பேச்சு இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

ஒரு காலத்தில் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பது சரியா என்று நம்மில் யாரும் யோசித்ததில்லை. புண்ணாக்கு, சுண்ணாம்புக்கல்லோடு அதுவும் ஒரு சாமான். ஐரோப்பாவில் கோழி வளர்ச்சிக்காக அதைத் தீவனத்தில் சேர்ப்பதை 2006-லேயே நிறுத்திவிட்டார்கள். சீனா 2020-ல் நிறுத்தியது. மனிதனுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் மருந்து என்பதால், கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கோழிக்கோ தீவனத்துக்கோ தரக் கூடாது என்று 2019 ஜூலையில் மத்திய அரசு தடை போட்டது. அப்படிக் காலியான இடத்தில்தான் இந்தப் பொடிகள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. முன்பு லிவர் டானிக் விற்க வந்த அதே பிரதிநிதி, அதே பையோடு வந்து, இப்போது "நல்ல பாக்டீரியா சார்" என்கிறார். வாரத்துக்கு ஒரு கம்பெனி, மாதத்துக்கு ஒரு காலண்டர்.

இதைப் புரிந்துகொள்ளத்தான் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியரை அழைத்துப் பேச வைத்தேன். கேட்க 11 பேர் இருந்தோம். அதில் இரண்டு பேர் என் பண்ணை ஆட்கள். ஃபின்லாந்தில் நூர்மி என்பவர் வளர்ந்த கோழியின் குடல் சரக்கைக் குஞ்சுகளுக்குக் கொடுத்து, சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி அவற்றில் ஒட்டாமல் செய்து காட்டியதை 1973-ல் எழுதினாராம். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டுப் பிடிக்கிற கதைதான். நல்லது முதலில் உட்கார்ந்துவிட்டால் கெட்டதற்கு இடம் கிடையாது. "அப்போ தயிரையே கரைச்சு ஊத்தலாமுங்களே?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தோம், ஆனால் கேள்வி நியாயமானது. இந்தப் பொடிகளில் வரும் லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியா தயிரின் சொந்தக்காரன்தான். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் குடோனில் கிடந்தால் சீக்கிரம் செத்துப்போகும். பேசில்லஸ் என்ற இன்னொரு வகை விதை மாதிரி ஓட்டுக்குள் உறங்கும், அதனால் சூட்டைத் தாங்கும். இதைக் கேட்டிருந்தால், காலையில் தண்ணீர்த் தொட்டியில் கிருமியைக் கொல்லும் பிளீச்சிங் பவுடரும் மதியம் அதே தொட்டியில் புரோபயாடிக்கும் போட்ட நம் உறுப்பினர் அந்தப் பணத்தை மிச்சம் பிடித்திருப்பார்.

அப்புறம், கடையில் ஐந்து கம்பெனிப் பாக்கெட்டுகளை வாங்கிப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினேன். ஐந்திலும் கிராமுக்கு 100 கோடி உயிர் என்று அச்சிட்டிருந்தது. தட்டில் வளர்த்து எண்ணியதில் இரண்டுதான் சொன்ன கணக்குக்குத் தேறின. ஒன்றில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. ரிப்போர்ட் சங்க அலுவலக பீரோவில், இரண்டாம் தட்டில் இருக்கிறது. இதுவரை அதைக் கேட்டு வந்தவர் ஒரே ஒருவர்.

தேறிய இரண்டில் ஒன்றை என் பண்ணையில் எட்டு வாரம் போட்டுப் பார்த்தேன். ஒரே பேட்ச், இரண்டு ஷெட், ஷெட்டுக்கு 5,000 கோழி; ஒன்றுக்குப் பொடி உண்டு, மற்றதற்கு இல்லை. ஒரு ஷெட்டுக்கு நாளைக்கு 550 கிலோ தீவனம். டன்னுக்கு அரை கிலோ கணக்கில் 275 கிராம் பொடி. அதை ஒரு வாளித் தவிட்டில் பிசறி, அப்புறம்தான் மிக்சரில் கொட்ட வேண்டும். நேராகக் கொட்டினால் மூலையில் தங்கிவிடும். முட்டை எண்ணிக்கை கூடியது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியாது. எச்சம் இறுகியது, கூண்டுக்கு அடியில் ஈரமும் ஈயும் குறைந்தன, தினம் நான்கு அட்டை அழுக்கு முட்டை ஒதுக்கிய இடத்தில் இரண்டரை ஆனது. நான்காம் வாரம் புதிதாக வந்த பையன் இரண்டு நாள் ஷெட்டை மாற்றிக் கலந்துவிட்டான். அதை நான்தான் எல்லோரிடமும் சொன்னேன். உடனே மொத்தச் சோதனையும் பொய் என்று ஒருவர் கிளப்பிவிட்டார். அவர் ஒரு நாளும் ஷெட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தவரில்லை.

இந்தப் பொடியைச் சங்கமே மொத்தமாக வாங்கினால் மூட்டைக்கு மூட்டை பரிசோதித்து வாங்கலாம் என்றபோது 32 கைகள் உயர்ந்தன. அதை நம்பி 25 கிலோ மூட்டை 40 இறக்கினேன். எடுத்தது ஒன்பது பேர். டீலர் 60 நாள் கடன் தருகிறார், சங்கம் ரொக்கம் கேட்கிறது, காரணம் அவ்வளவுதான். அதை முன்பே யோசிக்காதது என் தவறு, சரி. ஆனால் கை தூக்கியவர்கள் அன்றே சொல்லியிருக்கலாம். விடுபட்ட தொகையை நான் என் கையிலிருந்துதான் போட்டிருக்கிறேன்.

வரவு செலவு ஏறக்குறைய ஒத்துப்போகிறது; சில்லறை வித்தியாசத்தைப் பொருளாளர் விளக்குவார். ஆண்டுச் சந்தா 64 பேரில் 39 பேர் கட்டியிருக்கிறார்கள். மற்றவர்கள் "முட்டை மைனஸ்ல போகுதுங்க" என்கிறார்கள். விலை ஏறிய மாதங்களிலும் இதையே சொன்னார்கள்.

கூட்டத்துக்கு மண்டபம் தந்தவருக்கும், மைக் செட்டுக்காரருக்கும், பொருளாளருக்கும், தலைவர் அவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டு இந்தப் பொறுப்பை இளையவர் யாராவது ஏற்றால் சந்தோஷம். பெரியவர்கள் நானே தொடர வேண்டும் என்றால், டீலர் மாதிரி 30 நாளாவது கடன் தர சங்கத்தில் ஒரு நிதி வேண்டும். அதற்குச் சந்தா வர வேண்டும். மீதி 17 மூட்டை என் குடோனில், சோயா அட்டிக்குப் பக்கத்தில், பலகை மேல் இருக்கிறது. காலாவதி டிசம்பர். சாவி வீட்டில் இருக்கும், காலை ஆறு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

செயலாளர்