முன் சக்கரம் ஏறிவிட்டது

மன்னார்குடி,
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடாமல் நாலு மாசம் ஓட்டிவிட்டேன். திட்டுவதை நேரில் வந்து திட்டு. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் சைக்கிளைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்துவிட்டேன். நீ குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டு, நேராக வாய்க்காலில் இறக்கினாயே, அதே வண்டிதான். செயின், பிரேக், பெல் எல்லாம் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டன. டயர்தான் பத்து நாள் என்னைப் படுத்தி எடுத்துவிட்டது.

கடையில் இருபத்தெட்டு இஞ்சு டயர் என்று கேட்டேன். 28 என்று போட்ட டயரையே கொடுத்தார்கள். இரண்டு சாயங்காலம் முட்டியைக் கொடுத்து அழுத்தியும் ஒரு பக்கம்கூடப் பாதிக்கு மேல் ஏறவில்லை. கட்டைவிரல் இரண்டும் கன்றிப் போயின. மூன்றாம் நாள்தான் பழைய டயரைத் துடைத்து, பக்கவாட்டில் இருந்த சின்ன எழுத்தைப் படித்தேன். அதில் 40-635. புதியதில் 37-622. முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது, டயர் ஓரத்துக் கம்பி ரிம்மில் உட்காருகிற இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டுக்கும் 28 என்றுதான் பெயர், ஆனால் விட்டத்தில் 13 மில்லிமீட்டர் வித்தியாசம். சுற்றளவில் கணக்குப் பார்த்தால் நாலு சென்டிமீட்டர் குறைகிறது. உள்ளே இருப்பது இரும்புக் கம்பி, இழுத்தால் நீளுமா? எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும். விற்கிறவர் அந்த எண்ணை ஒரு தடவை பார்த்துக் கொடுத்திருக்கலாம்.

சரியான டயர் ஒன்றே ஒன்று கிடைத்தது. அதுவும் லேசில் ஏறவில்லை. ஒரு பக்கம் ஏற்றி, டியூப்பை வைத்து, மறுபக்கத்தில் கடைசி ஒரு சாண் வரை கொண்டுவந்துவிட்டேன். அதற்கு மேல் அசையவில்லை. ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பினேன். டயர் ஏறியது, புது டியூப் கிழிந்தது.

அப்புறம்தான் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நம் சைக்கிள் கடை பாய் வீட்டுக்குப் போனேன்.

சேகர், பாய்க்குப் போன வருஷம் பக்கவாதம் வந்தது. கடை மூடியாச்சு. இதை உனக்கு அப்போதே எழுதியிருக்க வேண்டும், எழுதக் கை வரவில்லை. வலது கை மடியில் கிடக்கிறது. நெம்புகோலே தொடாமல் டயர் மாட்டிய கை அது. வண்டியை நிறுத்திவிட்டு நாம் டீ குடித்து வருவதற்குள் முடித்து வைத்திருப்பாரே.

சக்கரத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேச்சு கொஞ்சம் குழறுகிறது. அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். டியூப்பில் ஒரு வாய் காற்று மட்டும் ஏற்றச் சொன்னார், சுருங்கி மாட்டிக்கொள்ளாமல் இருக்க. வால்வு நட்டைத் தளர்த்தச் சொன்னார். "எங்கேருந்து ஆரம்பிச்சே?" என்றார். வால்விலிருந்து என்றேன். தலையை ஆட்டினார். "வால்வுலதான் முடிக்கணும். அதுக்கு நேர் எதிர்ல ஆரம்பி."

காரணம் எவ்வளவு எளிது பார். ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் ஓடுகிறது. ஓரங்களைவிட அங்கே சுற்றளவு குறைவு. டயர்க் கம்பி ஒரு பக்கம் அந்தப் பள்ளத்தில் இறங்கினால்தான் மறுபக்கத்தில் தளர்வு கிடைக்கும். வால்வு இருக்கிற இடத்தில் டியூப் தடித்து அடைத்துக்கொண்டிருக்கும், அங்கே கம்பி இறங்காது. அதனால் அந்த இடத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும். நான் தலைகீழாகச் செய்துகொண்டு பலத்தைக் காட்டியிருக்கிறேன்.

கடைசி ஒரு சாணில் மறுபடி நின்றது. நான் அங்கேயே அழுத்திக்கொண்டிருந்தேன். பாய் இடது கையை நீட்டி, எதிர்ப்பக்கத்து டயரை விரலால் கிள்ளிப் பார்த்தார். "இங்கே மேலே ஏறி உட்கார்ந்திருக்கு. இதை இறக்காமல் அங்கே என்ன பண்றே?" அங்கிருந்து இரண்டு உள்ளங்கையாலும் டயரை நடுவுக்குக் கிள்ளிக் கிள்ளி, வால்வை நோக்கித் தள்ளிக்கொண்டே வந்தேன். இரண்டு விரல்கடை தளர்வு சேர்ந்தது. கட்டைவிரலால் ஒரு அழுத்து, டப்பென்று உள்ளே போய்விட்டது. கருவி எதுவும் இல்லை. வால்வை உள்ளே ஒரு தடவை தள்ளி, வெளியே இழுத்து, டியூப் எங்கேயும் கடிபடவில்லை என்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் காற்றடிக்க விட்டார். பம்பின் கைப்பிடியை இடது கையால் அவரும் பிடித்துக்கொண்டார். அப்போது அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

கிளம்பும்போது, "வாய்க்கால்காரன் வரவே மாட்டானா?" என்று கேட்டார். பொங்கலுக்கு வருவான் என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய்யனாக்கிவிடாதே.

பின் சக்கரம் இன்னும் பாக்கி. அதைத் தன் வீட்டு வாசலிலேயே வைத்து மாட்ட வேண்டும் என்று பாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பாரிமுனைப் பக்கம் போனால் ஒரு டயர் வாங்கி வா. கடைக்காரர் 28 என்று சொன்னால் தலையாட்டாதே, 40-635 என்று உன் கண்ணால் படித்துப் பார். டியூப் இரண்டு வாங்கு.

உன்,
முரளி